சுங்கை சிப்புட்டின் ஞாயிறு முதலீட்டு வகுப்பு: ஒரு மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைவீதியில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் ஞாயிறுதோறும் காலையில் நடைபெறும் முதலீட்டு வகுப்பில், எந்தப் பங்கை வாங்கலாம் என்று ஒரு முறைகூடச் சொல்லித் தருவதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அதை நம் மக்களுக்குப் பரிந்துரைக்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டு மாதம் நீடிக்கும் இவ்வகுப்பில் டிஜிட்டல் காணொளித் தொழில்நுட்பத்தின் தொடக்கக் காலம் மட்டுமே பாடம். 1987-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இருந்த ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தார் ஒரு குறுந்தட்டிலிருந்து அசையும் படத்தை ஓட்டிக் காட்டியதில் தொடங்கி, 2006-ல் யூடியூப் நிறுவனத்தை கூகள் வாங்கியது வரைக்கும், யார் எதை நம்பிப் பணம் போட்டார்கள், அந்தப் பணம் கடைசியில் யாருடைய பெட்டியில் போய்ச் சேர்ந்தது என்பதை ஆசிரியர் ஆண்டுவாரியாக எடுத்து வைக்கிறார்.

கட்டணம் 180 வெள்ளி (ரிங்கிட்). நிழற்படி எடுத்த குறிப்பேடும் தேநீரும் அதில் அடக்கம். முழுவதையும் முதல் நாளே கட்ட வேண்டியதில்லை. இரண்டு தவணையாகக் கொடுக்கலாம். பாதியில் நின்றுவிட்டால் இரண்டாம் தவணையைக் கேட்பதில்லை.

வகுப்பை நடத்துகிற ஐயா இளமையில் இதே ஊரில் தொலைக்காட்சியும் வீடியோ கருவிகளும் பழுது பார்த்தவர். பின்னர் ஈப்போவில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் ரெமிசியராக, அதாவது தரகுப் பங்கின் பேரில் பங்கு வாங்கி விற்றுத் தருபவராக, வேலை செய்து ஓய்வு பெற்றவர். இந்த இரண்டு அனுபவமும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதுதான் வகுப்பின் பலம். நிறுவனக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குக் கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிவதில்லை. கருவியைக் கழற்றத் தெரிந்தவர்கள் ஆண்டறிக்கையைத் திறந்து பார்ப்பதில்லை. இவர் இரண்டையும் ஒரே மேசையில் வைக்கிறார்.

நம் ஊருக்கு இப்படியொரு வகுப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு வேலை பறிபோய்க்கொண்டிருந்த காலத்தில், பால்மரம் வெட்டியவர்கள் தங்கள் கூலியிலிருந்து சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்தில்தான் தோட்டங்கள் வாங்கப்பட்டன. 1980-களில் ம.இ.கா. கட்சி தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் முதலீட்டு நிறுவனத்தின் பங்குகளுக்காக நகையை அடகு வைத்த குடும்பங்களும் நம்மிடையே உண்டு. இப்போதோ கைப்பேசியில் வரும் ஒரு குறுஞ்செய்தியை நம்பிச் சேமநிதிப் பணத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். முதலீடு என்பது தோட்டப்புறத்து மக்களுக்குப் புதிய பழக்கம் அன்று. ஒரு புதிய தொழிலைப் பற்றி யாரேனும் வந்து சொல்லும்போது எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லாமல் இருந்தது.

முதல் வகுப்பில் ஆசிரியர் பங்கைப் பற்றிப் பேசவே இல்லை. குறுந்தட்டில் பதிந்த காணொளியை ஓட்டும் ஒரு பழைய வி.சி.டி. கருவியைத் திருகாணி கழற்றித் திறந்து, பச்சைப் பலகையில் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருந்த கறுப்புச் சில்லு ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னார். மேலே சி-கியூப் என்ற எழுத்து தேய்ந்து மங்கியிருந்தது. பிறகு ஒரு தைப்பூசப் படப்பிடிப்பு வி.சி.டி.யை ஓட்டி, காவடியின் மயிலிறகுகள் காற்றில் ஆடும் இடத்தில் படத்தை நிறுத்தினார். முகங்கள் ஓரளவு தெளிவாகத் தெரிய, மயிலிறகு இருந்த இடம் மட்டும் சின்னஞ்சிறு சதுரங்களாக உடைந்து கிடந்தது. அந்தச் சதுரம் ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்டது என்றும், நுணுக்கமும் அசைவும் மிகுந்த இடத்தில் தகவலைச் சுமக்கத் தட்டின் வேகம் போதாமல் போவதால்தான் படம் இப்படிக் கட்டம் கட்டமாகப் பிரிகிறது என்றும் விளக்கிய பிறகே வெண்பலகைக்குப் போனார்.

அங்கே அவர் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். நம் நாட்டில் புழங்கிய வி.சி.டி.யின் ஒரு படச்சட்டத்தில் 352-க்கு 288 புள்ளிகள், அதாவது 1,01,376 புள்ளிகள். ஒரு புள்ளிக்குச் சராசரியாக 12 பிட் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒரே ஓர் இலக்கம்). நொடிக்கு 25 சட்டங்கள். சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 3 கோடி பிட் வேண்டும். ஆனால் வி.சி.டி.யில் படத்துக்கென ஒதுக்கப்பட்டது நொடிக்கு 11.5 இலட்சம் பிட் மட்டுமே. அப்படியானால் 26 பங்கில் 25 பங்கைக் களைந்துவிட்டு, மீதியிலிருந்து கண்ணுக்குக் குறை தெரியாதபடி படத்தைத் திரும்ப எழுப்ப வேண்டும். டிஜிட்டல் காணொளி என்ற தொழில் முழுவதும் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நின்றது. வருகிற புதிய நிறுவனம் எதுவானாலும், இந்த 26 என்ற எண்ணை எத்தனையாக்குவதாகச் சொல்கிறது, எந்தச் செலவில் ஆக்குகிறது என்று கேட்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும் என்பது ஆசிரியரின் வாதம். அவர் சொன்னவற்றில் மிகுந்த பயனுள்ளது இதுதான் என்று கருதுகிறேன்.

அந்தச் சுருக்கத்துக்கு அடிப்படையான கணித முறையை 1974-ல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது, 1972-ல் இந்த ஆய்வுக்கு உதவித்தொகை கேட்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர். ஆசிரியர் இதைப் பெருமைக்காகச் சொல்லி நிறுத்திவிடாமல், ஒரு கருத்து தோன்றி ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்தே அது விற்பனைக்குரிய சில்லாக மாறியது என்ற இடைவெளியைச் சுட்டிக்காட்டினார். முதலீட்டாளன் கவனிக்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான். அடிப்படை சரியாக இருந்தும் சந்தைக்கு வர ஒரு தலைமுறை ஆகுமானால், முதல் ஆண்டிலேயே பணம் போட்டவர் காத்திருந்தே களைத்துப் போவார்.

ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தின் கதையும் அப்படித்தான். 1987-ல் பார்த்தவர்களை வியக்க வைத்த அந்தத் தொழில்நுட்பத்தை அடுத்த ஆண்டே இன்டெல் வாங்கியது. சில ஆண்டுகளில், 1988-ல் தொடங்கப்பட்ட எம்பெக் என்ற பன்னாட்டு நிபுணர் குழு காணொளிச் சுருக்கத்துக்கென உருவாக்கிய பொதுத்தரம் உலகெங்கும் ஏற்கப்பட, இன்டெல் தன் முறையைக் கைவிட்டது. இதற்கு நேர்மாறானது 1990 ஜூனில் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் செய்தது. ஜப்பானியர் உயர்தெளிவுத் தொலைக்காட்சியைப் பழைய அனலாக் முறையிலேயே பல ஆண்டுகள் உழைத்து வளர்த்து வைத்திருந்த நேரத்தில், முழுக்க டிஜிட்டலில் அதைச் செய்ய முடியும் என்று இந்த நிறுவனம் முன்மொழிந்து போட்டியின் திசையையே திருப்பிவிட்டது. அதே 1990-ல் போர்ஸ்ட்மன் லிட்டில் என்ற முதலீட்டு நிறுவனம் அதை முழுமையாக வாங்கி, 1992-ல் மீண்டும் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பொதுமக்கள் வாங்கக் கிடைத்தது அதற்குப் பிறகுதான் என்பதை ஆசிரியர் இரு முறை அழுத்திச் சொன்னார்.

வகுப்பின் உச்சம் சி-கியூப் நிறுவனத்தைப் பற்றிய இரண்டு வாரங்கள். 1988-ல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம் எம்பெக் சுருக்கத்தைப் பிரித்துப் படமாக்கும் சில்லுகளைத் தயாரித்தது. 1993-ல் சோனி, பிலிப்ஸ், மட்சுஷிட்டா, ஜே.வி.சி. ஆகிய நான்கும் வி.சி.டி.க்கான தரத்தை வெளியிட்ட அதே ஆண்டில், சீனாவின் ஹெஃபெய் நகரில் வான்யான் என்ற நிறுவனம் இந்தச் சில்லை வைத்து வீட்டுக்கான வி.சி.டி. கருவியைச் செய்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் வி.சி.டி.யை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சீனாவும் தென்கிழக்காசியாவும் அதை வாரி அணைத்துக்கொண்டன. நம் பட்டணங்களில் வீடியோ நாடா வாடகைக்கு விட்ட கடைகள் எப்படி ஒரு சில ஆண்டுகளில் தட்டுக் கடைகளாக மாறின என்பதும், ஒரு தமிழ்ப் படம் இரண்டு மூன்று தட்டுகளாகப் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்றதும் நாற்பது வயதைக் கடந்த எவருக்கும் நினைவிருக்கும். ஒரு தட்டில் 74 நிமிடமே அடங்கும் என்பதால்தான் இடைவேளைக்கு முன்பே எழுந்து தட்டை மாற்ற வேண்டியிருந்தது.

1990-களின் பிற்பகுதியில் சீனாவில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் விற்றன. இந்த வளர்ச்சியைக் கேட்ட எவரும் முன்னோடியான வான்யான் செல்வத்தில் கொழித்திருக்கும் என்றே எண்ணுவார். ஆனால் அது தன் கருவிக்குக் காப்புரிமை எடுத்துக்கொள்ளவில்லை. சில்லை யாரும் வாங்கலாம், பலகையை யாரும் பூட்டலாம் என்றிருந்ததால் நூற்றுக்கணக்கான தொழிற்கூடங்கள் முளைத்தன, விலை சரிந்தது, முதலில் வந்த வான்யான் சந்தையை இழந்து சில ஆண்டுகளிலேயே வேறொரு குழுமத்தோடு இணைய நேர்ந்தது. சில்லு விற்ற சி-கியூப் நன்றாகவே சம்பாதித்தது. ஆனால் ஈ.எஸ்.எஸ். போன்ற போட்டியாளர்கள் மலிவான சில்லுகளுடன் வந்தபோது அதன் இலாப வரம்பும் நெருக்கப்பட்டது. 2000-ல் அதன் ஒரு பகுதியை ஹார்மோனிக் எடுத்துக்கொள்ள, மீதியை 2001-ல் எல்.எஸ்.ஐ. லாஜிக் வாங்கியது. இந்த இரண்டு வாரங்களிலும் ஆசிரியர் பலகையின் ஓரத்தில் ஒரே கேள்வியை எழுதி வைத்திருந்தார்: இந்தப் பொருள் விற்கும்போது, அடுத்தவன் செய்ய முடியாத எந்த வேலைக்காக இந்த நிறுவனத்துக்குக் காசு வருகிறது?

அதற்குச் சரியான விடையாக அவர் காட்டியது காப்புரிமைத் தொகுப்பை. டி.வி.டி.யிலும் துணைக்கோள் ஒளிபரப்பிலும் பயன்பட்ட எம்பெக்-2 தரத்துக்குத் தேவையான காப்புரிமைகளை ஓரிடத்தில் திரட்டி, 1997 முதல் எம்பெக் எல்.ஏ. என்ற அமைப்பு உரிமம் வழங்கத் தொடங்கியது. படத்தைப் பிரித்துக் காட்டும் ஒவ்வொரு கருவிக்கும் முதலில் 4 அமெரிக்க டாலர். 2002-ல் அது 2.50 ஆகக் குறைந்தது. கருவியை யார் செய்தாலும், எந்த விலைக்கு விற்றாலும், நட்டத்துக்கே விற்றாலும் அந்தத் தொகை காப்புரிமை உடையவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கொலம்பியா பல்கலைக்கழகமும் அவர்களுள் ஒன்று என்று கேட்டபோது வகுப்பே வியந்தது. அமெரிக்காவில் இதன் கடைசிக் காப்புரிமை 2018 பிப்ரவரியில் முடிவுக்கு வந்தது. உலகின் மற்ற நாடுகளிலும் அவை ஒவ்வொன்றாக முடிந்த பிறகும் மலேசியாவில் மட்டும் சில நடப்பில் இருந்தன என்பதை, நம் நாட்டு முதலீட்டாளர் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? இப்படி எங்கோ கலிபோர்னியாவில் நடந்ததாக நினைத்த ஒன்றை ஆசிரியர் நம் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்.

தோல்விகளைப் பற்றிய வாரம் இன்னும் விறுவிறுப்பாக இருந்தாலும், அதில் அவர் வேகமாகவே சென்றார். அமெரிக்க மின்பொருள் விற்பனை நிறுவனமான சர்க்கியூட் சிட்டி 1998-ல் டிவ்எக்ஸ் என்ற வாடகைத் தட்டைக் கொண்டுவந்தது. 4.50 டாலர் கொடுத்து வாங்கினால் முதன்முறை ஓட்டியதிலிருந்து 48 மணி நேரம் பார்க்கலாம். கருவியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்க வேண்டும். 1999 ஜூனில் அதைக் கைவிட்டபோது வரிக்குப் பிந்திய நட்டம் 11.4 கோடி டாலர். தொழில்நுட்பம் பழுதின்றி வேலை செய்தது, மக்கள்தான் விரும்பவில்லை. பிக்ஸலான் என்ற நிறுவனமோ இணையத்தில் முழுத்திரைக் காணொளி தருவதாகச் சொல்லி, 1999 அக்டோபரில் லாஸ் வேகாஸில் ஒரு கோடி டாலருக்கும் மேல் செலவழித்துத் தொடக்க விழா எடுத்தது. அதன் நிறுவனர் பொய்ப் பெயரில் வாழ்ந்த, மோசடி வழக்கில் தேடப்பட்ட ஆள் என்பது அடுத்த ஆண்டில் தெரிய வந்தது. பணம் போட்டவர்கள் அவருடைய பெயரைக்கூடச் சரிபார்க்கவில்லை.

ஆனால் யான் ஸ்லூட் பற்றிய பாடத்துக்கு ஆசிரியர் ஒரு காலைப் பொழுது முழுவதையும் ஒதுக்கினார். தானும் தொலைக்காட்சி பழுது பார்த்தவர் என்பதால் அவருக்கு இந்த மனிதர்மேல் ஒரு பரிவு இருப்பது தெரிந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த தொலைக்காட்சிப் பழுது பார்ப்பவரான ஸ்லூட், ஒரு முழுத் திரைப்படத்தை 8 கிலோபைட்டுக்குள் அடக்கும் முறையைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். பிலிப்ஸ் நிறுவனத்தின் மேல்மட்ட நிர்வாகியாக இருந்த ரூல் பீப்பர் அதை நம்பி, தன் பதவியை விட்டு விலகி வந்து இதில் இறங்கினார். 1999 ஜூலை 11 அன்று, ஒப்பந்தம் கைகூடும் தறுவாயில், ஸ்லூட் மாரடைப்பால் இறந்தார். அவர் மறைத்து வைத்திருந்த மென்பொருள் கிடைக்கவே இல்லை. பலரும் இதை ஒரு மர்மக் கதையாகச் சொல்லித் திரிகிறார்கள். ஆசிரியர் மர்மத்தைத் தொடவில்லை. கணக்கைப் போட்டார். 8 கிலோபைட் என்பது 65,536 பிட். ஒன்றரை மணி நேரப் படத்தில் 5,400 நொடிகள். வகுத்தால் நொடிக்கு 12 பிட். நொடிக்கு 25 சட்டங்கள் என்னும்போது ஒரு சட்டத்துக்கு அரை பிட்கூட வராது. அதாவது, அந்தச் சட்டத்தைப் பற்றி ஆம், இல்லை என்று ஒரே ஒரு விடை சொல்லக்கூட இடமில்லை. மயிலிறகை 11.5 இலட்சம் பிட்டில் காட்ட முடியாமல் வி.சி.டி. திணறியதை நேரில் பார்த்திருந்த எங்களுக்கு, 12 பிட் என்ற எண்ணைக் கேட்டதும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பின்வரிசையில் இருந்த ஓர் ஓய்வுபெற்ற கிராணி, "அப்படியென்றால் அந்தப் பெரிய அதிகாரிக்கு இந்த வகுத்தல் தெரியாமலா போயிற்று, ஐயா?" என்று கேட்டார். அதற்கு ஆசிரியர், "தெரிந்திருக்கும், அண்ணே. நேரில் ஓட்டிக் காட்டிய படம் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தது. கண் நம்பிய பிறகு கை பென்சிலைத் தேடாது" என்றார். குறிப்பேட்டில் இல்லாத இந்த மாதிரி விடைகளுக்காகவே நேரில் போய் உட்கார வேண்டும்.

இணையக் காலத்துக்கு அவர் கொடுத்த இடம் போதவில்லை என்பது என் முதல் குறை. இணையவழி ஒலி, ஒளிபரப்பு நிறுவனமான பிராட்காஸ்ட்.காம் 1998 ஜூலையில் 18 டாலருக்குப் பங்கு வெளியிட்டு, முதல் நாளிலேயே 62.75 டாலரில் முடிந்ததும், அடுத்த ஏப்ரலில் யாஹூ அதை 570 கோடி டாலர் மதிப்புள்ள தன் பங்குகளைக் கொடுத்து வாங்கியதும், அதன் நிறுவனர்களுள் ஒருவரான மார்க் கியூபன் தனக்குக் கிடைத்த யாஹூ பங்குகளின் விலை சரிந்தாலும் பாதிக்காதபடி முன்கூட்டியே காப்பு ஒப்பந்தம் செய்துகொண்டதும், பின்னர் யாஹூ பங்கு 90 விழுக்காட்டுக்கும் மேல் வீழ்ந்ததும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டன. அந்தக் காப்பு ஒப்பந்தம் எப்படி வேலை செய்தது என்பதை மெதுவாக விளக்கியிருந்தால், விற்கும் நேரத்தைப் பற்றி ஒன்றுமே கற்பிக்கவில்லை என்ற குறை நீங்கியிருக்கும். யூடியூபில் செக்கோயா என்ற முதலீட்டு நிறுவனம் 2005 நவம்பரில் 35 இலட்சம் டாலர் போட்டதாக அறிவிக்கப்பட்டு, ஓராண்டுக்குள் கூகள் 165 கோடி டாலருக்கு அதை வாங்கியதையும் அவர் அவசரமாகவே கடந்தார். ஆனால் ஒன்றை மறக்காமல் சொன்னார்: யூடியூப் பங்கு ஒரு நாள்கூடச் சந்தைக்கு வரவில்லை. பெரும் இலாபம் விளைந்த அந்த ஓராண்டில் சிறுமுதலீட்டாளருக்கு நுழைய வாசலே இல்லை. ஆகவே, "அடுத்த யூடியூப்" என்று யாராவது உங்களிடம் தனியாக வந்து விற்றால், அது ஏன் உங்களைத் தேடி வருகிறது என்று கேளுங்கள்.

நம் நாட்டைப் பற்றிய பகுதி ஒரே ஒரு வாரம்தான் என்றாலும் செறிவாக இருந்தது. 1996 ஜனவரியில் மியாசாட்-1 துணைக்கோள் ஏவப்பட்டு, அதே ஆண்டில் கட்டணத் தொலைக்காட்சி நிறுவனமான ஆஸ்ட்ரோ தொடக்கத்திலிருந்தே டிஜிட்டலாக ஒளிபரப்பத் தொடங்கியது. உலகில் பல செல்வ நாடுகளே அனலாக்கில் இருந்த காலத்தில், லயத்து வீட்டுக் கூரையிலும் தட்டு பொருத்தி ஆஸ்ட்ரோவின் தமிழ் அலைவரிசையான வானவில் பார்த்தோம். அடுத்த ஆண்டே நாணய நெருக்கடி வந்தது. 1997 பிப்ரவரியில் 1,271 புள்ளியைத் தொட்டிருந்த கோலாலம்பூர் பங்குக் குறியீடு 1998 செப்டம்பர் 1 அன்று 262-க்கு இறங்கியது. புதிய தொழில்நுட்பத்தின் நன்மை தீமைக்கும் அந்த வீழ்ச்சிக்கும் தொடர்பே இல்லை. பணம் தேவைப்பட்டபோது விற்க வேண்டியிருந்தவர்கள் நல்ல பங்கையும் கெட்ட பங்கையும் ஒரே விலையில் இழந்தார்கள். ஆஸ்ட்ரோ 2012 அக்டோபரில் ஒரு பங்கு 3 வெள்ளிக்கு மறுபடியும் பட்டியலிடப்பட்டது. 2024-ன் முடிவில் அது 30 சென்னுக்கும் கீழே இருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வந்த இலாப ஈவையும் கூட்டிப் பார்த்த பிறகே நட்டம் எவ்வளவு என்று பேச வேண்டும் என்று சொல்லி, எங்களையே அதைக் கணக்கிட வைத்தார். இணையவழிக் காணொளியும் கள்ளப் பெட்டிகளும் சேர்ந்து ஒரு காலத்துப் புதுமையை எப்படிப் பழையதாக்கின என்பதைக் கண்ணெதிரே கண்ட மக்களுக்கு, இந்த உதாரணம் அமெரிக்கக் கதைகள் அனைத்தையும்விட ஆழமாகப் பதிந்தது. இதை இரண்டு வாரமாக நீட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை.

மற்றக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டறிக்கையைப் படிக்கும் பயிற்சி ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. பணப்புழக்க அறிக்கைக்கும் இலாப நட்ட அறிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவர்கள் அந்த நாளில் திணறினார்கள். குறிப்பேட்டின் நிழற்படி சில பக்கங்களில் வாசிக்க முடியாத அளவுக்கு மங்கலாக உள்ளது. சி-கியூப் வரைபடத்தில் ஆண்டு எண்களே தெரியவில்லை. பெருக்கல் வகுத்தலில் தயங்குபவர்களுக்காக முதல் வாரத்தில் அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தால், தைரியமாகக் கேள்வி கேட்டிருக்கக்கூடிய பெண்கள் சிலர் மூன்றாம் வாரத்தோடு நின்றிருக்க மாட்டார்கள். ஞாயிறு காலை என்பதும் அவர்களுக்கு வசதியான நேரம் இல்லை. மாடிப்படி குறுகலானது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே உள்ளது. முட்டி வலி உள்ள பெரியவர்கள் துணைக்கு ஆள் கூட்டி வருவது நல்லது.

இப்போதைய பங்குகளைப் பற்றிக் கேட்டால் ஆசிரியர் பதில் சொல்ல மறுப்பதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டிஸ் கமிஷனின் உரிமம் இல்லாமல் முதலீட்டு ஆலோசனை வழங்குவது சட்டப்படி குற்றம் என்பதை அவர் முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறார். வாட்ஸ்அப் குழு கிடையாது. "சிறப்பு உறுப்பினர்" கட்டணம் கிடையாது. எந்தத் தரகு நிறுவனத்திலும் கணக்குத் திறக்கச் சொல்லி வற்புறுத்துவதும் இல்லை. பங்குகளை வைத்திருப்பதற்கான சி.டி.எஸ். கணக்கு என்றால் என்ன, அதை எங்கே திறக்கலாம் என்று பொதுவாக விளக்கியதோடு சரி. சேமநிதியில் கை வைக்காதீர்கள் என்று மட்டும் ஒவ்வொரு வாரமும் தவறாமல் சொன்னார். இதே 180 வெள்ளியை வாங்கிக்கொண்டு மறுநாளே ஒரு கிரிப்டோ திட்டத்தில் சேர்த்துவிடும் கூட்டங்கள் நடக்கிற காலத்தில், இந்த மறுப்பே வகுப்பின் நேர்மைக்குச் சான்று.

ஏற்கெனவே பங்குச் சந்தையில் பல ஆண்டு பழகியவர்களுக்கு முதல் இரண்டு வாரம் மெதுவாகத் தோன்றலாம்; அவர்கள் சி-கியூப் பாடத்திலிருந்து வந்து சேர்ந்துகொள்ளவும் ஆசிரியர் அனுமதிக்கிறார், அதற்குக் கட்டணம் குறைவு. புதிதாகச் சேமிக்கத் தொடங்கியிருக்கும் இளையோரும், ஓய்வுப் பணம் கைக்கு வரப்போகும் ஐம்பது வயதுக்காரர்களும் முதல் நாளிலிருந்தே உட்கார வேண்டும். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு காணொளி தயாரிக்கும் நிறுவனங்களைப் பற்றி இப்போது அன்றாடம் அழைப்பு வருகிறது. ஒரு நிமிடக் காணொளியைத் தயாரிக்க எவ்வளவு கணிப்பொறிச் செலவு, அதை வாங்குபவர் எவ்வளவு கொடுக்கிறார், அதே வேலையை நாளை இன்னொருவர் பாதி விலைக்குச் செய்ய எது தடையாக இருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும், இங்கே படித்துவிட்டுப் போன ஒருவர் தயக்கமின்றிக் கேட்பார்.

அடுத்த வகுப்பு பள்ளி விடுமுறை முடிந்த பிறகு தொடங்குகிறது. பெயர் கொடுக்க விரும்புவோர் கீழே துணிக்கடைக் கல்லாவில் சொன்னால் போதும். இடம் இருபது பேருக்கு மட்டுமே. பூதக்கண்ணாடி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்பதால், வசதி உள்ளவர்கள் சொந்தமாக ஒன்றைக் கொண்டு போகலாம்.